நாற்பது வினாடி மூச்சு

காந்தி நகர், மைசூரு
6 அக்டோபர் 2024

மெர்வினுக்கு,

நீ அனுப்பிய பதினேழு குரல் செய்திகளும் வந்தன. மூன்றுக்கு மேல் கேட்கவில்லை. உன் குரலில் குறை ஒன்றும் இல்லை. அது என் குரல், அதுதான் குறை. அம்மா இருந்த காலத்தில் நாம் யார் போன் செய்தாலும் "எவன்டா பேசுறது, பெரியவனா சின்னவனா?" என்றுதான் ஆரம்பிப்பாள். கடைசிவரை அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, என் குரலையே ஜெர்மனியிலிருந்து கேட்க வேண்டுமா நான்? வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுது. என் தமிழ் கோயில் பாட்டுப் புத்தகத்தில் கற்ற தமிழ், பள்ளிக்கூடம் கன்னடம். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நடந்ததை நிம்மி சொல்லியிருப்பாள். ஆனால் என் மனைவி அங்கே இல்லை. நான் இருந்தேன்.

நஞ்சன்கூட்டில் எங்கள் யூனிட்டில் குளோரின் ஓடும் அறை ஒன்று உண்டு. அதில் ஒரு வால்வு இரண்டு வருடமாகக் கசிகிறது. கசிந்தால் ஓர் ஆள் உள்ளே போய்க் கையால் மூட வேண்டும். சுவரில் ஒரு பெட்டி, அதில் இரண்டு முகமூடிகள். ஒன்றுக்குப் பட்டி இல்லை. இன்னொன்றின் வடிகட்டி காலாவதியாகி மூன்று வருடம். நான் கோயிலில் பாடுகிறவன், எண்பது வினாடி மூச்சை அடக்குவேன் என்பது சூப்பர்வைசர் தீபக்குக்கு யார் மூலமோ தெரிந்துவிட்டது. "லூர்து, ஒந்து சலா, ஒரே ஒரு தடவை போய்ட்டு வந்துடு குரு" என்பான். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு வெளியே நிற்பான். போக, மூட, வர நாற்பது வினாடி. இரண்டு வருடத்தில் இருபத்தாறு முறை போனேன். புது முகமூடி வாங்கச் சொல்லி இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஏன் வாங்குவார்கள்? முகமூடிக்குப் பதிலாகத்தான் நான் இருந்தேனே.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. நான் சாப்பிடப் போயிருந்தேன். வால்வு கசிந்தது. தீபக் ஒப்பந்த ஆள் கெம்பையனைக் கூப்பிட்டு, "லூர்து நாற்பது செகண்ட்ல முடிக்கிறான், நீ அவனைவிடச் சின்னவன்தானே" என்று உள்ளே அனுப்பிவிட்டான். கெம்பையன் ஹனூர்ப் பக்கத்து விவசாயி. வேலைக்கு வந்து நாலு மாதம். நான் ஓடிவந்தபோது அவன் போய் ஒரு நிமிடம் ஆகிவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். வால்வை மூடித் திரும்பினால், அவன் சுவரைத் தடவித் தடவி கதவுக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறான். கண் எரிந்து திசை தெரியவில்லை அவனுக்கு. நான் எட்டிப் பிடித்திருக்க வேண்டும். கூப்பிட்டுவிட்டேன். கெம்பையா என்று. கூப்பிட்டால் உள்ளே இருக்கும் மூச்சு போய்விடும். போனால் இழுத்துத்தான் ஆக வேண்டும். இருபத்தைந்து வருடம் பாடியவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் வாய் திறந்துவிட்டது. என் வாயிலிருந்து கடைசியாக வந்த வார்த்தை அது.

அவனை இழுத்து வெளியே போட்டேன். இரண்டாம் நாள் செத்துப்போனான். எனக்குக் குரல்வளை வெந்து, பிறகு சுருங்கி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி வக்கீல் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு பத்திரிகைக் கத்தரிப்பை வைத்திருக்கிறார். போன டிசம்பரில் நம் கோயில் நூற்றாண்டுக் கச்சேரிக்கு வந்தாயே, அப்போது நீ கொடுத்த பேட்டி. "என் அண்ணன் தொழிற்சாலையில் முகமூடி இல்லாமல் வாயுவுக்குள் போய் வருவார். மற்ற தொழிலாளிகளையும் பழக்கி, யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவார். மூச்சு என்றால் என்ன என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்." பக்கத்தில் கோட்டு போட்டு நீ சிரிக்கும் படம்.

நான் எப்போது பந்தயம் கட்டினேன், மெர்வின்?

கம்பெனி சொல்வது இதுதான்: லூர்துராஜ் பந்தய விளையாட்டு நடத்தினான், கெம்பையன் அந்தப் பந்தயத்தில் உள்ளே போய்ச் செத்தான், இரண்டு பேரும் தம் விருப்பத்தில் போனவர்கள். கெம்பையனின் மனைவி மாதம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். போன வாரம் கோர்ட் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டாள்: "எம்பட ஊட்டுக்காரரோட எத்தன ரூவா பந்தயமுங்க கட்டுனீங்க?" எனக்குப் பேச்சு இல்லை. சட்டைப் பையிலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நிம்மி மாதம்மாவின் ஊருக்கே போய்ச் சொல்லிப் பார்த்தாள். "புருசனுக்குப் பொண்டாட்டி பரிஞ்சு பேசாம வேற ஆரு பேசுவா" என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

சொன்னவன் வந்துதான் இல்லை என்று சொல்ல வேண்டும். மார்ச் 10 சாட்சி விசாரணை. ஐந்து மாதம் இருக்கிறது. வா.

லூர்துராஜ்


கஸல், ஜெர்மனி
29 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நான் அனுப்பிய செய்திகளை நீ கேட்கவில்லை என்பது வருத்தமாக இருந்தது. அதற்கான காரணத்தைப் படித்தபோது வருத்தப்படவும் உரிமை இல்லை என்று தோன்றியது.

அந்தப் பேட்டியைப் பற்றி. நிருபர் கேட்டதற்கு உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அது உண்மை. ஆனால் இந்தப் பந்தயம் கிந்தயம் எல்லாம் அவர் சேர்த்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களுக்குக் கொஞ்சம் மசாலா வேண்டும், உனக்குத் தெரியாததா.

மார்ச் மாதம் எனக்குக் கஷ்டமான மாதம். தவக்காலம். இங்கே ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் ஆண்டவருடைய பாடுகளை வாத்தியங்களோடும் பாடகர் குழுவோடும் பெரிய கச்சேரியாகப் பாடுவார்கள். நம் கோயிலில் பெரிய வெள்ளியன்று நீ பாடுவாயே இயேசுவின் பாகம், அதே பாகம்தான் எனக்கும். போன வருடம் ஆறு ஊரில் பாடினேன். ஆறு ஊரிலும் சிலுவையில் செத்தேன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். வரும் தவக்காலத்துக்கு இதுவரை மூன்று ஊர்தான் கூப்பிட்டிருக்கிறது. ஒன்றை விட்டாலும் அடுத்த வருடம் அந்த ஊர் என்னை மறந்துவிடும்.

வெளியே பார்க்கிறவர்களுக்கு என் தொழில் வேறு மாதிரித் தெரிகிறது. நிகழ்ச்சித் தாளில் என் பெயருக்குக் கீழே 'பன்முகத் திறன் கொண்ட பாரிடோன்', அதாவது நடுக்குரல்காரன், என்று போடுவார்கள். அதன் அர்த்தம் உனக்கு மட்டும் சொல்கிறேன்: யாருக்கும் நான் முதல் விருப்பம் இல்லை. கீழ்க்குரல்காரன் காய்ச்சலில் படுத்தால் எனக்கு போன் வரும். ரஷ்ய மொழிப் பாட்டா, லத்தீன் பூசையா, யூதர்களின் நினைவு நாளா, பிசாசின் வேடமா, எல்லாம் பாடுவேன். ரயிலில் பாடத்தைப் படித்து மாலையில் மேடையில் நிற்பேன். பதினாறு வருடமாக அடுத்தவன் காய்ச்சலில்தான் என் வயிறு நிறைகிறது. நாற்பத்தொரு வயது ஆகிவிட்டது. காய்ச்சல் வராத இளைஞர்கள் நிறைய வந்துவிட்டார்கள்.

எழுத்தில் ஒரு விளக்கம் அனுப்பினால் போதுமா என்று வக்கீலைக் கேட்டுச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
மெர்வின்


காந்தி நகர், மைசூரு
17 நவம்பர் 2024

மெர்வினுக்கு,

என் வக்கீல் சௌம்யாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். சின்னப் பெண், ஆனால் கெட்டி. படித்துவிட்டு, "சார், உங்க தம்பி நிருபர் சேர்த்தார்னு எழுதறாரு. நிருபர்கிட்ட ரெக்கார்டிங் இருக்கு. கம்பெனி அதையும் கொடுத்திருக்கு" என்றாள். அவள் அலுவலகத்தில் எனக்குப் போட்டுக் காட்டினாள். என் குரல் சொல்கிறது, நான் பந்தயம் கட்டினேன் என்று. நடுவில் ஒரு சிரிப்பு வேறு. சௌம்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

எழுத்தில் அனுப்பினால் போதாதாம். நேரில் வந்து, கம்பெனி வக்கீல் குறுக்கே கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஆறு ஊரில் செத்தாய் என்று எழுதியிருந்தாய். படித்து எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது சிரித்தால் சத்தம் கழுத்துக் குழாயில் விசில் மாதிரி வரும், நிம்மி பயந்து ஓடிவருவாள். நீ ஆறு ஊரில் செத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போகிறாய். கெம்பையன் ஒரே ஊரில்தான் செத்தான். ஒப்பந்த ஆள் என்பதால் வருகைப் பதிவில்கூட அவன் பெயர் இல்லை. ஏதோ ஊரிலிருந்து பந்தயம் கட்ட பஸ் ஏறி வந்தவன் மாதிரிப் பேசுகிறார்கள்.

கோயில் கதையையும் கேள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பெனி நம் கோயிலுக்கு ஒரு ஜெனரேட்டர் கொடுத்தது. ஃபாதர் ஒரு தடவை வந்து பார்த்து, ஜெபம் சொல்லி, "எல்லாம் அவர் சித்தம்" என்றார். எவர் சித்தம் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அவருக்கு நேரமாகிவிட்டது.

பதினாலு வருடம் பெரிய வெள்ளியன்று அந்தப் பாகத்தைப் பாடினேன். முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், யாரோடும் பேசாமல், மறுநாள் மூன்று மணிக்கு முதல் வார்த்தையே 'யாரைத் தேடுகிறீர்கள்' என்று. வரும் வருடம் யார் பாடுவார்கள் என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

நிருபர் மேல் பழி போடாதே. நீ சொன்னாய். ஏன் சொன்னாய் என்று மட்டும் எழுது.

லூர்துராஜ்


கஸல்
12 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஏன் என்று கேட்டாய். இங்கே கச்சேரி முடிந்து ஜனம் கைதட்டிக்கொண்டே இருந்தால் இன்னொரு பாட்டுப் பாடுவோம். அதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேச வேண்டும். என்னைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும், முகத்திலேயே தெரியும்: இந்தக் கறுப்பு ஆள் எங்கிருந்து வந்தான், நம் பாட்டு இவனுக்கு எப்படி வந்தது? அதற்கு ஒரு கதை கொடுத்தால் நிம்மதியாகிவிடுவார்கள். உன் மூச்சைப் பற்றிச் சொன்னேன். நீ போனில் சொன்னதுதான், வாயுவுக்குள் போய் வருகிறேன் என்று. முதலில் உள்ளபடியே சொன்னேன். சபை இறுகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. முகமூடி ஏன் இல்லை என்று ஒரு கிழவி எழுந்து கேட்டாள். அடுத்த ஊரில் பந்தயத்தைச் சேர்த்தேன். சிரித்தார்கள். கைதட்டினார்கள். பிறகு ஊர் ஊராக அதையே சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் சொன்ன பிறகு மைசூரில் நிருபர் கேட்டபோது அதுவாகவே வாயில் வந்துவிட்டது. அண்ணா, அந்த நிமிஷம் அது பொய் என்ற நினைவே எனக்கு இல்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் கம்பெனியின் அறக்கட்டளை மைசூரு ஹெப்பாளில் ஒரு குரலிசைப் பள்ளி ஆரம்பிக்கிறது. இயக்குநராக என்னைக் கேட்டிருக்கிறார்கள். மார்ச் 23 மைசூரில் தொடக்கக் கச்சேரி. இங்கே எனக்கு வேலை முடிந்துகொண்டிருக்கிறது. தவக்காலத்துக்குக் கூப்பிட்ட மூன்று ஊரில் ஒன்று வேறு ஆளைப் போட்டுவிட்டது. கேட்டவர்கள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதையும் இதையும் முடிச்சுப் போடவில்லை. மைசூருக்கே வந்துவிட்டால் உன்னைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் தம்பி
மெர்வின்


காந்தி நகர், மைசூரு
2 ஜனவரி 2025

மெர்வினுக்கு,

நீ முடிச்சுப் போட வேண்டாம். அவர்கள் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இருபது வருடமாக அந்தக் கம்பெனி நஞ்சன்கூட்டில் இருக்கிறது. யூனிட்டில் ஆண்களுக்கு ஒழுங்கான கக்கூஸ் இரண்டு. திடீரென்று ஜூனில் ஒருவன் செத்து ஒருவனுக்குக் குரல் போன பிறகு, டிசம்பரில் அவர்களுக்கு மைசூர் ஜனங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆசை வருகிறது. குரல் போனவனின் தம்பியே வாத்தியாராக வேண்டும் என்றும் ஆசை வருகிறது. என்னிடமிருந்து எடுத்ததை உன்னிடம் வாடகைக்கு எடுக்கப் பார்க்கிறார்கள். உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறாய்.

அந்தக் கிழவியைப் பற்றி எழுதியிருந்தாய். முகமூடி ஏன் இல்லை என்று கேட்டவள். உலகத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். லேபர் இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, ஃபாதர் கேட்கவில்லை, நானே சத்தமாகக் கேட்கவில்லை. அவள் கேட்டது உனக்குப் பிடிக்காமல் போய், அடுத்த ஊரில் அவள் வாயை அடைக்கப் பந்தயத்தைச் சேர்த்தாய். இதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் யோக்கியன் இல்லை, கேட்டுக்கொள். தீபக் ஸ்டாப்வாட்ச்சைக் காட்டி "முப்பத்தெட்டு குரு, சூப்பர்" என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. கைதட்டல் உனக்கு மட்டும்தான் பிடிக்கும் என்று இல்லை. அந்த இனிப்பில்தான் முகமூடிக் கடிதத்தை மூன்றாவது முறை எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் புது முகமூடி வந்திருக்கும், கெம்பையன் பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டிருப்பான். இந்தப் பாவம் என்னுடையது. இதை ஒப்புக்கொள்கிறேன். பந்தயம் என்னுடையது இல்லை. அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலையை எடு, எடுக்காமல் போ. மார்ச் 10 வந்து உண்மையைச் சொல். அதற்குப் பிறகு ஹெப்பாளில் பள்ளிக்கூடம் வைத்தாலும் சரி, ஓட்டல் வைத்தாலும் சரி. வேறு எதுவும் கேட்கவில்லை.

லூர்துராஜ்


கஸல்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

இதை எழுத ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறேன்.

மார்ச் 10 என்னால் வர முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அறக்கட்டளையோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு எதிராகப் பொதுவில் எதுவும் பேசக்கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நீ எழுதியது சரிதான், முடிச்சு அவர்களே போட்டதுதான். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இங்கே வீட்டை ஏப்ரலுக்குள் காலி செய்ய வேண்டும். நாற்பத்தொரு வயதில் மறுபடியும் எங்கே போய் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்?

ஆனால் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். 23-ஆம் தேதி மேடையில் ஒலிவாங்கி என் கையில் இருக்கும். பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். அந்த அம்மாள் மாதம்மாவையும் அழைத்து மேடையில் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. முதல் பாட்டுக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுகிறேன். பந்தயம் நான் கட்டிய கதை, என் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, கெம்பையனைக் காப்பாற்றத்தான் உள்ளே போனார் என்று. கோர்ட்டில் பத்துப் பேர் கேட்பதைவிட ஆயிரம் பேர் கேட்பது பெரிது இல்லையா? சொல்லிவிட்ட பிறகு அவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

சத்தியமாகச் சொல்வேன். நீ வந்து உட்கார்.

உன் தம்பி
மெர்வின்


காந்தி நகர், மைசூரு
24 மார்ச் 2025

மெர்வினுக்கு,

உன் ஓட்டல் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

மார்ச் 10 சாட்சி விசாரணை முடிந்தது. உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். தீபக் வந்து சாட்சி சொன்னான். ஸ்டாப்வாட்ச் எதற்கு என்று சௌம்யா கேட்டாள். "அவங்க பந்தயத்துக்கு டைம் பாக்கச் சொன்னாங்க மேடம்" என்றான். பொய் சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை, அதுவரைக்கும் மனுஷன். சாட்சியம் முடித்துவைக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

நேற்று வந்தேன். கடைசி வரிசை. குழாயை மறைக்க நிம்மி ஒரு துண்டு சுற்றிவிட்டாள்.

மாதம்மாவை மேடை ஏற்றினார்கள். எம்.டி. பொன்னாடை போர்த்தினார். போட்டோவுக்காக அவளைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று அறிவிப்பாளர் சொன்னார். வருகைப் பதிவில் பெயர் இல்லாத ஆள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டான்.

பிறகு நீ வந்தாய். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாய். நான் எண்ண ஆரம்பித்தேன். பழக்கம், யார் மூச்சை அடக்கினாலும் எண்ணுவேன். நீ மாதம்மாவைப் பார்த்தாய், முதல் வரிசையில் எம்.டி.யைப் பார்த்தாய். பத்தொன்பது வினாடி. அவ்வளவு அமைதியாக ஒரு மண்டபத்தை நான் பார்த்ததில்லை. உன் தோள் ஏறியது. சொல்லப்போகிறான் என்று நான் எழுந்துகூட நின்றுவிட்டேன். ஒலிவாங்கியைத் திரும்ப வைத்துவிட்டுப் பாடினாய்.

நன்றாகப் பாடினாய். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பாடியதைவிட நன்றாக.

நான் உள்ளே இருந்தது நாற்பது வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் எனக்கு வாய் திறந்தது. உனக்குப் பத்தொன்பது வினாடி சுத்தமான காற்று இருந்தது.

இனி எழுத வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம்.

லூர்துராஜ்


மைசூரு
19 ஏப்ரல் 2025

அண்ணா,

இரண்டு முறை வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை என்று அண்ணி கேட்டுக்கே வந்து சொன்னார்கள். உள்ளே உன் குழாய் விசிலடிப்பது கேட்டது. இதை உங்கள் கேட்டில் சொருகிவிட்டுப் போகிறேன்.

அன்று ஏன் பேசவில்லை என்பதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பயம். பயந்தால் பாடுவது எனக்குச் சுலபம், பேசுவதுதான் கஷ்டம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2 சௌம்யாவிடம் போய் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பந்தயம் நான் கற்பித்த பொய் என்று, ஊர் ஊராக எதற்குச் சொன்னேன் என்பதோடு. பத்திரிகைக்கும் ஒரு நகல் கொடுத்தேன். அவர்கள் போடவில்லை. சாட்சியம் முடிந்துவிட்டதால் கோர்ட் அதைப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம் என்றார் சௌம்யா. நகல் போன மூன்றாம் நாள் அறக்கட்டளையிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. பள்ளிக்கு வேறு ஆள். கஸலில் வீடும் போய்விட்டது. பெரிய வெள்ளிக்கு அங்கே பாட வேண்டியதை வேறொருவர் பாடினார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்களாம்.

நேற்று பெரிய வெள்ளி. நான் கோயிலுக்குப் போகவில்லை. கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து ஹனூர் போய், மாதம்மா வீட்டைக் கேட்டு விசாரித்துப் போனேன். கம்பெனி போர்த்திய பொன்னாடையைத் தரையில் விரித்து, அதன்மேல் புளியைக் கொட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆருங்க?" என்றார்.

"லூர்துராஜோட தம்பிங்க."

"அவருக்குத் தம்பி இல்லீங்களே." நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "நீங்க பாடுனவருதானுங்க? அன்னைக்குக் கச்சேரி முடிஞ்சு வெளிய நிக்கறப்ப நானே அவருகிட்டக் கேட்டனுங்க. பாடுனவரு உங்க தம்பின்னு பேசிக்கறாங்களே, ஆமாங்களான்னு. தலைய ஆட்டி இல்லைன்னுட்டாரு."

நீ இதை எழுதவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை, கொட்டை விழுந்துகொண்டே இருந்தது.

"அப்பப் பந்தயமே இல்லீங்களா?"

"இல்லீங்க. நான் கட்டுன கதைங்க."

"எதுக்குங்க?"

"கேக்கறவங்க சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடியுங்கள் என்று சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "அவரு ஊட்டுக்காரம்மாளும் வந்து சொன்னாங்க, எம்பட ஊட்டுக்காரரு பேரச் சொல்லிக் கூப்புட்டுத்தான் அவருக்கு அப்புடி ஆச்சுன்னு. நான் நம்புலீங்க. அவரு பேசி நான் கேட்டதே இல்லியே. ஊமை மனுசன் எப்புடிங்க கூப்புடுவாரு?"

"அப்பப் பேச்சு இருந்துச்சுங்க."

"எப்புடி இருக்கும்?"

"இப்படித்தாங்க. நான் பேசற மாதிரியேதான் இருக்கும்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என்னன்னுங்க கூப்புட்டாரு?"

"கெம்பையான்னு."

"அப்புடி இல்லீங்க. அவரு கூப்புட்ட மாதிரிக் கூப்புடுங்க."

அண்ணா, பதினாறு வருடத்தில் எத்தனையோ மண்டபங்களில் நின்றிருக்கிறேன். எங்கே மூச்சை இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் எனக்குக் கணக்கு உண்டு. நேற்று அந்த வாசலில் ஒரு கணக்கும் வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு ஒருவன் எதிர்ப்பக்கம் போகிறான் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டேன்.

மணி மூன்று இருக்கும். புளியமரத்துக்கு அப்பால் எங்கோ ஒரு நாய் குரைத்தது. மாதம்மா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உட்கார்ந்து புளியைக் கையில் எடுத்தார். "தீர்ப்பு எப்பங்க?" என்றார். 28-ஆம் தேதி என்றேன். "வாரேன்" என்றார்.

நானும் வருவேன். உன் பக்கத்தில் உட்காரக் கேட்கவில்லை.

மெர்வின்